கொள்ளுப் பட்டை

எங்கோ கொள்ளு வறுக்கிறார்கள்.

இரும்புச் சட்டியில் அது முதலில் மணலைப் போலச் சரசரவென்று புரளும். பிறகு ஒன்றிரண்டு மணிகள் பட்பட்டென்று துள்ளும். அதற்கு அப்புறம்தான் வாசம் கிளம்பும், முதல் மழை விழுந்த செம்மண்ணும் ஒரு குதிரை லாயமும் சேர்ந்து நடந்து வருவதைப் போல. எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். தொழிற்பேட்டைப் பக்கம் மாலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. கீழ்வீட்டுப் பெண் சளிக்கு ரசம் வைக்கப் போகிறாள். அவளுடைய சட்டியில் என் மாமனார் வறுபடுவது அவளுக்குத் தெரியாது.

இந்த வாசம் எனக்குப் பசியைத் தருவதில்லை. முதலில் பயம் வரும், பிறகு சிரிப்பு வரும். இத்தனை வருஷத்தில் வரிசை ஒருமுறைகூட மாறவில்லை.

ஐம்பதுகளில் நான் ஓசூர்க் கடைவீதியில் ஒரு தானிய மண்டியில் குமாஸ்தா. என் ஆயுதம் குத்தூசி. மூட்டையின் விலாவில் அந்த இரும்புக் குழலைச் செருகினால், உள்ளே இருக்கும் தானியம் ஒரு கைப்பிடி வெளியே வந்து விழும். அதை உள்ளங்கையில் ஏந்தி, ஊதி, ஒரு மணியைக் கடித்துத் தரம் சொல்ல வேண்டும். பகலெல்லாம் ராகியும் அவரையும் கொள்ளும் கடித்த வாயோடு, சாயங்காலம் நிலாவைப் பற்றி எழுதுவேன். அந்த வயதில் எனக்கு எதைப் பார்த்தாலும் நிலாவாகத்தான் தெரிந்தது.

மனைவி பிரசவத்துக்குக் காவேரிப்பட்டினத்தில் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். தினம் அவளுக்கு ஒரு கார்டு போட்டேன். உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்பினால் ஏதோ மறைக்கிறான் என்று நினைப்பார்களே என்பது என் பயம். அந்த வீட்டுக்கு வரும் தபால் எல்லாவற்றையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாமனார் உரக்கப் படிப்பார் என்பதும், தோட்டத்து ஆட்கள் உட்பட ஒரு கூட்டமே உட்கார்ந்து கேட்கும் என்பதும் எனக்குத் தெரியாது. ‘நீ இல்லாத ஊரில் நிலாவும் நொண்டி நொண்டி நடக்கிறது’ என்று ஒரு கார்டில் எழுதியிருந்தேன். மாமனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

“நிலா எப்படிம்மா நொண்டும்? மாப்ளைக்குக் கால்ல ஏதாச்சும் அடியா? வெக்கப்பட்டுகிட்டு நிலா மேல போட்டு எழுதறாரா?”

ஐந்து மாதம் அப்பா வீட்டில் இருக்க வேண்டியவள், பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாதமே ஓசூருக்கு வந்துவிட்டாள். என்னைப் பிரிந்திருக்க முடியாமல் வந்தாள் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் நாலு கார்டு வந்திருந்தா ஊரே மனப்பாடம் பண்ணியிருக்கும். மானத்தைக் காப்பாத்திக்க ஓடி வந்தேன்” என்றாள்.

மாமனார் அவளை அனுப்ப மனமில்லாமல்தான் அனுப்பினார். பஸ் ஏற்றும்போது ஒரு நிபந்தனை போட்டார். “ஓசூர்க் குளிரு பச்சைக் குழந்தை வயித்துக்கு ஆவாது. அது அழுவுதுன்னு ஒரு சேதி என் காதுக்கு வந்தாப் போதும், நேரா வந்து ரெண்டு பேரையும் கூட்டிகிட்டு வந்துருவேன். அப்புறம் குழந்தை நடக்கிற வரைக்கும் அனுப்ப மாட்டேன்.”

நடக்கிற வரைக்கும். குறைந்தது பத்து மாதம். அவர்கள் அங்கே தென்பெண்ணைக் கரையில் இருக்க, நான் இங்கே மண்டியில் கொள்ளு கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

வந்த மூன்றாம் நாள் குழந்தை அழ ஆரம்பித்தது.

பகலில் அவள் பூ. பார்க்கிறவர்களிடமெல்லாம் கை நீட்டிக் காற்றைப் பிடிப்பாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்ததோ, முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொள்வாள், முகம் பீட்ரூட் ஆகும், அப்புறம் ஓசூர் மேல் இறங்கும் அந்த அழுகை. மூன்று மணி நேரம். வாயை மூடினால் மறுபடி திறப்பதற்காகத்தான். முன்கட்டில் இருந்த வீட்டுக்காரம்மா கன்னடக்காரர். ஓடி வந்து, “மகுகெ ஹொட்டெ நோவம்மா” என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். பக்கத்து வீட்டில் தெலுங்கில் அதையே சொல்வார்கள். நாங்கள் தமிழில் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்வோம். வைத்தியம் மூன்று பாஷைக்கும் ஒன்றுதான், ஓமத் தண்ணீர். எங்கள் மகள் அதை பாஷை வித்தியாசம் பார்க்காமல் எல்லார் மேலும் துப்பினாள்.

வசம்பு சுட்டுத் தடவினோம். விளக்கெண்ணெய் தடவினோம். நான் பாட்டு எழுதிப் பாடினேன்.

“பாடாதீங்க. குழந்தை பதில் சொல்லுது” என்றாள் மனைவி.

எங்கள் கண்டுபிடிப்பு ஒரு தப்பில் பிறந்தது. பிரசவமான இடுப்பு வலிக்கு அவள் கொள்ளைச் சூடு பண்ணித் துணியில் முடிந்து ஒத்தடம் வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு சாயங்காலம் அந்த மூட்டையை மடியில் போட்டது மறந்துபோய், அலறுகிற குழந்தையைக் குப்புற அதன்மேல் கிடத்திவிட்டாள். நான் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அழுகை சட்டென்று நின்றது. அத்தனை நாள் கேட்ட அழுகையைவிட அந்த நிசப்தம் பயங்கரமாக இருந்தது. ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினேன்.

“என்னாச்சு?”

“பேசாதீங்க.”

“இல்ல, குழந்தை...”

“மூச்சும் விடாதீங்க.”

குழந்தை அவள் மடியில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, உலகத்தை முதல் தடவை பார்க்கிறவளைப் போலக் கிடந்தது. ஒற்றைச் செருப்போடு அரை மணி நேரம் நின்றேன்.

மறுநாளே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. வெறும் மூட்டை நழுவி விழுந்தது. ஆகவே வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டை வேண்டும் என்றேன். என் பழைய வேட்டியைக் கிழித்தாள். உள்ளே எதைப் போடுவது? மணல் போட்டுப் பார்த்தோம், தொட்டிலெல்லாம் தென்பெண்ணைக் கரை ஆனது. உப்பு ஓசூர்த் தூறலில் நசநசத்துக் கரைந்தது. ராகி தையல் வழியாக வெளியே நடந்து போனது. கடைசியில் கொள்ளுதான் ஜெயித்தது. கனம் இல்லை, சூடு நிற்கும், குழந்தை அசைந்தால் அதுவும் லேசாக அசையும். ஆனால் எல்லாக் கொள்ளும் ஓடிப்போய் ஒரு மூலையில் சேர்ந்து குழந்தையைச் சாய்த்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். விவசாயி மகள் யோசிக்கவே இல்லை.

“தண்ணி ஒரே பக்கம் ஓடாம இருக்க என்னா பண்ணுவாங்க? பாத்தி கட்டுவாங்க” என்றாள். பட்டையில் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டுப் பன்னிரண்டு பாத்தி கட்டினாள். பாத்திக்கு ஒரு கைப்பிடிக் கொள்ளு. சட்டென்று அவிழ்க்க வசதியாகப் பின்பக்கம் ஒரு உருவு முடிச்சு.

பேர் வைப்பது என் இலாகா என்று எடுத்துக்கொண்டேன். ‘துயில்மேகலை’ என்றேன்.

“கொள்ளுப் பட்டை” என்றாள்.

“மகளுக்கு நாளைக்குக் கதையா சொல்லும்போது...”

“கொள்ளுப் பட்டைங்க. வெளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க.”

வெந்நீர்ப் பானையின் மூடிமேல் பட்டையை வைத்துச் சூடேற்றுவோம். குழந்தைக்கு வைக்கிற பதமா என்று பார்க்க என் கன்னத்தில்தான் முதலில் வைப்பாள். இரண்டு மூன்று நாளில் ஒரு கன்னம் மட்டும் சிவந்து நின்றது. மண்டி முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வீட்டுல சண்டையாப்பா? இன்னொரு கன்னத்தைக் காட்டாதே” என்றார்.

பட்டை கட்டிய சாயங்காலங்களில் வீடு அமைதியாக இருந்தது. கட்டாத சாயங்காலம் ஒன்றுகூட அப்படி இருக்கவில்லை. நான் உலகத்தை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கார்த்திகைத் தூறல் ஒரு வாரம் பிடித்தது. குழந்தை என்றால் நனைக்கும். நனைத்ததை அவள் அலசிக் கொடியில் போட்டாள். வெயில் இல்லை. இரண்டாம் நாள் பட்டையை எடுக்கப் போனவள், “இங்க வாங்க” என்று கூப்பிட்டாள். வேட்டி நெசவைக் கிழித்துக்கொண்டு பன்னிரண்டு பாத்தியிலும் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

“பாத்தி கட்டினது நானு. தண்ணி பாய்ச்சினது உங்க மவ. அறுப்புக்கு நீங்க வாங்க” என்றாள்.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, முளைத்த கொள்ளில் சாறு வைத்தால் அமிர்தம் என்றார். அது எந்தத் தண்ணீரில் முளைத்தது என்பதை நாங்கள் எந்த பாஷையிலும் சொல்லவில்லை. சத்தம் போடாமல் கொல்லையில் புதைத்துவிட்டோம்.

அன்றிலிருந்து கொள்ளை வறுத்தே போட்டோம். வறுத்த கொள்ளு முளைக்காது. வறுத்த கொள்ளு மணக்கும் என்பதை நான் ஏன் யோசிக்கவில்லை?

பட்டை வெயிலுக்குக் காத்திருந்த அந்த வாரத்தின் அழுகையை, மண்டிக்குப் புளி கொண்டுவந்த காவேரிப்பட்டினத்து வண்டிக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் கேட்டுவிட்டு ஊருக்குப் போனார். நான்காம் நாள் மாமனாரிடமிருந்து ஒரு கார்டு. அவர் எனக்கு எழுதிய முதல் கார்டு அதுதான். நிலா கிடையாது. ‘சந்தை நாளன்று சாயங்கால பஸ்சில் வருகிறேன். பெட்டி கட்டி வைக்கவும்.’

மனைவி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் போவ மாட்டேன்” என்றாள் மெதுவாக. அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னிடம் சொன்ன ஒரே காதல் வசனம் அந்த மூன்று சொல்தான். நான் எழுதிய கார்டுகள் எல்லாம் அதற்கு முன்னால் கூசி நின்றன.

“அப்பா பஸ்ஸை விட்டு எறங்கும்போதே சிரிக்கிற குழந்தையைக் காட்டணும். அப்புறம் என்னா சொல்லி என்னைக் கூட்டிகிட்டுப் போவாரு?” இதுதான் அவள் திட்டம்.

சந்தை நாள் சாயங்காலம் கொள்ளைப் புதிதாக வறுத்துப் பட்டையில் நிரப்பி, குழந்தைக்குக் கட்டி, மேலே கவுன் போட்டு, மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சந்தைக் கூட்டம். வாடகைக்கு நின்ற ஜட்கா வண்டிகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கிருஷ்ணகிரிச் சாலையைப் பார்த்து நின்றேன். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. மாமனார் தோளில் புது ஈரிழைத் துண்டும் கையில் ஒரு குலைத் தேங்காயுமாகப் படியில் தெரிந்தார்.

அந்த நேரம் பார்த்து என் பிடரியில் யாரோ சூடாக மூச்சு விட்டார்கள். சந்தைக் கூட்டம்தானே என்று கொஞ்சம் நகர்ந்தேன். மூச்சும் நகர்ந்தது. யாரோ குழந்தையின் கவுனைப் பிடித்து இழுத்தார்கள்.

“யாருங்க அது, குழந்தை...” என்று திரும்பினேன். ஜட்காக் குதிரை.

உருவு முடிச்சின் முனை அதன் வாயில் இருந்தது. சட்டென்று அவிழ்க்க வசதியாகத்தானே போட்டோம்! ஒரே இழுப்பு. பட்டை முழுசாக உருவிக்கொண்டு போனது. குதிரை அதைத் தலைக்கு மேலே ஆட்ட, இரண்டு பாத்தி கிழிந்து, பஸ்ஸிலிருந்து இறங்கிய மாமனார் மேல் வறுத்த கொள்ளு மழையாகப் பெய்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் குதிரையை அதிசயமாகப் பார்த்தாள். குதிரை மென்றது. அவள் வயிற்றில் காற்றுப் பட்டது. விளக்கு வைக்கிற நேரம்.

அலறல் கேட்டுச் சந்தை எருமைகள்கூடத் திரும்பின.

ஜட்காக்காரர் ஒரு சாயபு. பதறிப்போய் இறங்கி ஓடி வந்தார். “அல்லா! என் குதிரை அப்படிப்பட்டது இல்லீங்க. பத்து வருஷமா ஒரு பொட்டுக்கடலை திருடினது இல்ல!”

மாமனார் தலைமுடியிலிருந்து ஒரு கொள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “ஏங்க மாப்ளே, எம் பேத்தி வயித்துல குதிரைத் தீனியா கட்டி வெச்சிருக்கீங்க?”

அந்த ஜட்காவிலேயே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் குழந்தை அழுதது. முன்னால் குதிரை எங்கள் கண்டுபிடிப்பை மென்றுகொண்டே ஓடியது. வீட்டுக்குள் கால் வைத்ததும் மாமனார் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“பெட்டியைக் கட்டும்மா. காலைல முத பஸ்சு.”

“கட்டறேன்பா. எனக்கு அரை மணி நேரம் குடுங்க” என்றாள் மனைவி. வாசலுக்குப் போனாள். “சாயபு அண்ணே, உங்க குதிரை தின்னதைத் திருப்பிக் குடுங்க.”

சாயபு வண்டிக்கு அடியில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து, குதிரையின் ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே முறத்தில் கொட்டினார். நல்ல கொள்ளு. பழக்க தோஷத்தில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன்.

“தரம் பாக்கற நேரமா இது? சட்டியைப் போடுங்க!” என்று கத்திவிட்டு, மனைவி துணிக்காகச் சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் கண் அப்பாவின் தோளில் போய் நின்றது. அடுத்த நொடி அந்தத் துண்டு அவள் கையில் இருந்தது.

“ஏ, ஏ! அது புதுசும்மா! நாளைக்கு நாலு பேரு முன்னால வெறுந்தோளோட எப்படிப் போவேன்?”

“பேத்திக்குத்தானேப்பா.” துண்டு அதற்குள் இரண்டாக மடிந்து பாத்தியாகிக்கொண்டிருந்தது.

நான் அடுப்பில். அவள் ஊசியில். மாமனார் அலறுகிற குழந்தையோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தார். “புருசனும் பொண்டாட்டியுமா சேந்து வைத்தியம் பாக்கறீங்களா, ரசம் வைக்கறீங்களா?” என்றார். வாசலில் வீட்டுக்காரம்மா, அவருக்குப் பின்னால் சாயபு, அவருக்குப் பின்னால், வாசம் பிடித்து, வண்டியோடு முற்றம் வரைக்கும் வந்துவிட்ட குதிரை.

முதல் சட்டி கருகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். சரசர. பட். வாசம். இறக்கு. பன்னிரண்டு பாத்தி. என் கன்னம். பதம் சரி. கட்டினாள்.

அழுகை ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. விக்கல் மாதிரி இரண்டு மூச்சு. முழங்கால்கள் மெல்லப் பிரிந்து நீண்டன. எல்லாரும் வாயைத் திறந்தபடி நிற்க, அந்த நிசப்தத்தில், தாத்தாவின் மார்பில் கிடந்தபடி என் மகள், சேலத்து லாரி பிரேக் போட்டதைப் போல நீளமாக, தெளிவாக, ஒரு காற்று விட்டாள்.

மாமனார் நிமிர்ந்து என்னை முறைத்தார். “மாப்ளே, நீங்களா?”

“நான் இல்லீங்க மாமா.”

“இந்த வயித்துக்குள்ளயா இவ்வளவு இருந்துச்சு!” என்று பேத்தியைப் பார்த்தார். அவள் தூங்கிவிட்டிருந்தாள். குதிரை கனைத்தது. சாயபு அதன் மூக்கைப் பொத்தினார்.

ஆனாலும் மாமனார் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. பஸ்சில் வரும் வழியில் வாங்கி வந்திருந்த போண்டாவை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார், அதன்மேல் களி சாப்பிட்டார், பாயை விரித்துப் படுத்துவிட்டார். மனைவி பெட்டியைக் கட்டினாள். கடைசியாக என்னுடைய கார்டுக் கட்டையும் உள்ளே வைத்தாள். நான் கருகிய சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

விடிந்ததும் பெட்டி வாசலில் இருந்தது. தொட்டிலில் பட்டை இல்லை.

பாயை உதறினோம், தொட்டிலை உதறினோம், குதிரை மறுபடி வந்துபோயிருக்குமோ என்று முற்றத்தில் குளம்படி தேடினோம். மாமனார் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் வயிறு சதுரம் சதுரமாகப் புடைத்திருந்தது.

“அப்பா, அந்தத் துண்டு...”

“என் துண்டு. நான் எடுத்துகிட்டேன்.” கொப்பளித்துத் துப்பினார். பிறகு யாரையும் பார்க்காமல், “அடுப்புல நெருப்பு இருந்துச்சு, நானே சூடு பண்ணிக்கிட்டேன். இருவது வருசமாப் படுத்தற வாயு. ராத்திரிதான் மனுசனாத் தூங்கினேன்” என்றார்.

அவர் முகத்தைத் துடைக்கத் தோளில் கையை வைத்தார், துண்டு இல்லை, சட்டை முனையில் துடைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்தவர் பெட்டியைப் பார்த்து நின்றார்.

“இதை ஏம்மா நடையில வெச்சிருக்கே? யாராச்சும் தடுக்கி விழப்போறாங்க. எடுத்து உள்ள வை.”

மனைவி பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சமையல்கட்டில் காரணம் இல்லாமல் பாத்திரங்கள் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பஸ் ஏற்ற நான் மட்டும் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக வெறுந்தோளோடு கடைவீதியில் நடந்தார், துண்டு வயிற்றில் இருக்க. ஜட்கா நிறுத்தத்தில் அந்தக் குதிரை தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. மாமனார் நடையை எட்டிப் போட்டார், ஓட்டம் என்றே சொல்லலாம். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டார். பஸ் உறுமியது. நகரத் தொடங்கியபோது கண்ணாடியை மறுபடி இறக்கி, தலையை நீட்டினார்.

“வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு கார்டு போடுங்க மாப்ளே. நெலாவெல்லாம் வேணாம். எவ்வளவு நேரம் வறுக்கணும்னு மட்டும் எழுதுங்க.”